புடைப்பச்சும் விரல்வழி வாசிப்பும்: எழுத்துமுறைத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அச்சுக்கலையின் வரலாறு பெரும்பாலும் கண்ணின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எழுத்துருவின் அழகு, மையின் கருமை, தாளின் வெண்மை, பக்க அமைப்பின் ஒழுங்கு என்பன பற்றிப் பேசும் நூல்கள் பலவுள. தாளின் மேற்பரப்பைப் புடைத்தெழச் செய்யும் முறையோ இவ்வரலாற்றில் ஓர் அலங்காரமாகவே இடம்பெறுகின்றது. அரச முத்திரை, நூலட்டை, திருமண அழைப்பிதழ், சான்றிதழ் ஆகியவற்றில் எழுத்தையோ இலச்சினையையோ மேலெழச் செய்யும்போது, எத்தகைய தாளைக் கொள்வது, எவ்வளவு உயரத்துக்குப் புடைக்கச் செய்வது, விளிம்பு கூர்மையாக இருத்தல் வேண்டுமா வளைவாக இருத்தல் வேண்டுமா என்பன எழுகின்றன. இவை அழகும் செலவும் பற்றிய வினாக்கள். தவறான தெரிவினால் அழைப்பிதழின் பொலிவு சற்றுக் குன்றலாம். அதற்கு மேல் எதுவும் நேர்ந்துவிடாது.

ஆயின், ஒரு வாசகர் கூட்டத்தினருக்குப் புடைப்பு அலங்காரமன்று, அதுவே எழுத்து. விழிப்புலனற்றோருக்கெனத் தாளைப் புடைக்கச் செய்யும்போது எவ்வுருவத்திற் புடைக்கச் செய்வது என்னும் தெரிவு, அவர்கள் கற்பதா கல்லாதிருப்பதா என்பதையே தீர்மானிப்பதாயிற்று. 1786 முதல் 1932 வரையான ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இத்தெரிவு பற்றிய பூசல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீடித்தது. அப்பூசலின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை மீண்டும் மீண்டும் புலப்படுகின்றது. விரலால் வாசிப்போருக்கான எழுத்தைக் கண்ணால் வாசிப்போரே நெடுங்காலம் தேர்ந்தனர். கண்ணுக்கு இசைந்ததையே விரலுக்கும் இசைந்ததெனக் கொண்டனர். விரலே நீதிபதியான பின்னரே வழக்குத் தீர்ந்தது.

1. கோட்டெழுத்தின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் விழிப்புலனற்றோர் பெரும்பாலும் இரக்கத்துக்கோ ஏளனத்துக்கோ உரியோராகவே கருதப்பட்டனர். கல்விக்குரியோராகக் கருதப்பட்டோர் மிகச் சிலர். இந்நோக்கினை அசைத்தவற்றுள் ஒன்று 1749 இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடெரோ வெளியிட்ட, பார்வையற்றோர் பற்றிய மடலாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய பார்வையற்ற அறிஞர் நிக்கலஸ் சோண்டர்சன், தொட்டறியத்தக்க பலகையொன்றிற் கணக்கிட்டு வந்தமையை டிடெரோ அதில் எடுத்துக்காட்டினார். அறிவு புலன்வழியே வருவதாயின் தொடுபுலனும் அறிவின் வாயிலாகலாம் என்பது அவரது வாதத்தின் சாரமாகும்.

இச்சிந்தனையைச் செயலாக்கியவர் வலன்ரீன் ஹவுய். 1771 இற் பாரிசு நகரச் சந்தையொன்றிற் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளித் தொப்பியும் அட்டைக் கண்ணாடியும் அணிவித்து, இசைக்கத் தெரியாத கருவிகளை இசைக்கச் செய்து மக்கள் சிரித்து மகிழ்ந்ததை அவர் கண்டார். அக்காட்சியே தம்மை இப்பணிக்கு ஈர்த்ததெனப் பின்னர் அவர் எழுதினார். 1784 இல், பிச்சையெடுத்து வாழ்ந்த பிரான்சுவா லெசுவேர் என்னும் இளைஞனைத் தம் முதல் மாணவனாக ஏற்றார். அச்சிட்ட அட்டையொன்றின் பின்புறத்தில் அழுத்தத்தால் மேலெழுந்திருந்த எழுத்தொன்றை அம்மாணவன் விரலால் இனங்கண்டான் என்றும், அதுவே புடைப்பச்சு என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது என்றும் வழிவழியாகக் கூறப்படுகின்றது. 1785 இல் ஹவுய் பாரிசிற் பாடசாலையை நிறுவினார். மறு ஆண்டில் விழிப்புலனற்றோர் கல்வி பற்றிய தமது நூலைப் புடைப்பெழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் முன்னிலையில் மாணவர் அதன் பயனை வாசித்துக் காட்டினர்.

ஹவுய் கையாண்ட முறை எளிமையானது. பெரிய அச்செழுத்துகளைக் கோத்து, அவற்றின்மீது ஈரமாக்கிய தடித்த தாளை வைத்து அழுத்தினர். தாள் உலர்ந்ததும் எழுத்தின் வடிவம் மறுபுறத்திற் புடைத்து நின்றது. ஒருபுறம் குழிந்தும் மறுபுறம் புடைத்தும் இருந்தமையால் தாளின் ஒரு பக்கமே வாசிப்புக்குப் பயன்பட்டது. எனவே ஈரிரு தாள்களை முதுகோடு முதுகு ஒட்டி நூலாக்கினர். இவ்வாறு உருவாகிய நூல்கள் பருமனும் பாரமும் மிக்கன, செலவும் மிக்கன. 1819 இல் லூயி பிறெயில் பத்து வயதுச் சிறுவனாக அப்பாடசாலையிற் சேர்ந்தபோது அங்கிருந்த புடைப்பு நூல்கள் மிகச் சிலவே.

பருமனைவிடப் பெரிய குறைகள் இரண்டு இருந்தன. முதலாவது, எழுத்தின் வடிவம் உரோம எழுத்தின் வடிவமே. கண் ஒரே நோக்கிற் பற்றிக்கொள்ளும் கோடுகளையும் வளைவுகளையும் விரல் சிறிது சிறிதாகத் தடவியே அறிதல் வேண்டும். ஓரெழுத்தின் முடிவை அடையுமுன் அதன் தொடக்கத்தை நினைவில் நிறுத்த வேண்டிய நிலை மாணவருக்கு ஏற்பட்டது. இரண்டாவது, மாணவர் இவ்வெழுத்தைச் சிரமத்துடன் வாசிக்கலாம். அதில் எழுதுதல் இயலாது. அச்சுக்கூடத்தின் துணையின்றி ஒரு சொல்லையேனும் தமக்கென அவர்களாற் குறித்துக்கொள்ள முடியவில்லை. வாசிக்க மட்டுமே இயன்ற எழுத்து ஒருவழிப் பாதையே; பிறர் அளிப்பதைப் பெறலாம், தாம் கருதியதைப் பதிவுசெய்ய இயலாது.

இருந்தும் ஆசிரியர்கள் இம்முறையையே விரும்பினர். அவர்களுக்கு இது தெரிந்த எழுத்து. புதிதாக எதனையும் கற்கவேண்டியதில்லை. பாடசாலையைப் பார்வையிட வரும் செல்வரும் அலுவலரும் மாணவன் வாசிப்பதைத் தம் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கொடையாளரின் மகிழ்ச்சியும் ஆசிரியரின் வசதியும் ஒரே திசையிற் சென்றன. மாணவரின் விரல் மட்டும் வேறு திசையை நாடியது.

2. புள்ளியின் வருகை

வேறு திசையைத் திறந்தவர் சார்ள்ஸ் பாபியே என்னும் முன்னாட் படை அலுவலர். உரோம எழுத்தின் வடிவத்தை முற்றாகக் கைவிட்டு, புள்ளிகளாலான குறிமுறையொன்றை அவர் வகுத்திருந்தார். பிரெஞ்சு மொழியின் ஒலிகளை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகளில் அடுக்கி, வரிசை எண்ணையும் வரிசைக்குள் இட எண்ணையும் இரு நிரைகளிலான புள்ளிகளாற் குறிப்பது அம்முறை. 1821 இல் இது பாரிசுப் பாடசாலைக்கு அறிமுகமாயிற்று. பார்வையுள்ள ஒருவர் வகுத்ததேயாயினும், புள்ளியை விரல் கோட்டைவிட விரைவாக இனங்காணும் என்னும் உண்மையை அது உணர்த்தியது. கூரிய ஊசியும் பள்ளமிட்ட பலகையும் கொண்டு மாணவர் தாமே எழுதவும் அது வழிசெய்தது.

பாபியேயின் முறையிலும் குறைகள் இருந்தன. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிவரை தேவைப்பட்டன. குறியின் நீளம் விரல்நுனியின் அளவை மீறியமையால் விரலை மேலும் கீழும் நகர்த்தியே அதனை அறிய வேண்டியிருந்தது. ஒலியை மட்டுமே குறித்தமையால் எழுத்துக்கூட்டலைக் கற்பிக்க அது உதவவில்லை. நிறுத்தக்குறிகளும் இலக்கங்களும் அதில் இடம்பெறவில்லை.

இக்குறைகளை விரலால் உணர்ந்து திருத்தியவர் மாணவரான லூயி பிறெயில். 1809 சனவரி 4 இல் கூப்வ்றே என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோற்பட்டறையில் ஊசியால் நேர்ந்த விபத்தினாற் பார்வையை இழக்கலானார். 1824 அளவில், பதினைந்து வயதில், தம் முறையின் அடிப்படையை வகுத்துவிட்டார். பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். மூன்று புள்ளி உயரம், இரண்டு புள்ளி அகலம் கொண்ட கூடொன்றை அமைத்தார். அக்கூடு விரல்நுனியின் கீழ் முழுமையாக அடங்கியது. விரல் கிடையாக மட்டும் நகர்ந்தாற் போதுமாயிற்று. ஆறு புள்ளிகளும் இருத்தல், இல்லாதிருத்தல் என்னும் இரு நிலைகளாற் கூடி அறுபத்து நான்கு வடிவங்களைத் தருவன. வெற்றிடமான ஒன்றை நீக்கின் அறுபத்து மூன்று குறிகள் எஞ்சும். ஒலிக்குப் பதிலாக எழுத்தையே அவர் அடிப்படையாகக் கொண்டார்.

இம்முறையை விளக்கும் நூல் 1829 இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1837 இல் வெளிவந்தது. புள்ளிமுறையின் சிறப்பை எடுத்துரைத்த அம்முதல் நூல், பாடசாலையின் வழக்கப்படி, புடைத்த உரோம எழுத்திலேயே அச்சிடப்பட்டது. பழைய முறையின் உடையணிந்தே புதிய முறை அரங்கேற வேண்டியிருந்தது.

மாணவர் புள்ளிமுறையை ஆர்வத்துடன் ஏற்றனர், நிறுவனம் ஏற்கவில்லை. பிறெயிலை ஆதரித்த அதிபர் பிஞ்ஞே 1840 இற் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த டுஃபோ புள்ளிமுறையைத் தடைசெய்து, புடைத்த உரோம எழுத்தையே வலியுறுத்தினார். பார்வையற்றோர் தமக்கெனத் தனியெழுத்தொன்றைக் கொள்வாராயின் சமூகத்தினின்றும் பிரிந்துவிடுவர் என்பது அத்தரப்பினரின் அச்சம். எனினும் தடை மாணவரைக் கட்டுப்படுத்தவில்லை. மறைவாக எழுதினர், மறைவாக வாசித்தனர். 1844 இற் புதிய பாடசாலைக் கட்டடத் திறப்பு விழாவிலே துணை அதிபர் குவாதே புள்ளிமுறையைப் பகிரங்கமாகப் பாராட்டினார். 1852 சனவரி 6 இல் லூயி பிறெயில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854 இல், பிரான்சு அவரது முறையை அங்கீகரித்தது.

3. பிரித்தானியாவில் நிகழ்ந்த போட்டி

பிரித்தானியாவில் வரலாறு வேறு வழியிற் சென்று அதே முடிவை அடைந்தது. எடின்பரோ நகர அச்சாளரான ஜேம்ஸ் கோல், 1827 இல், வளைவுகளை நீக்கிக் கோணங்களாக்கிய உரோம எழுத்தில் விழிப்புலனற்றோருக்கான முதல் ஆங்கில நூலை வெளியிட்டார். தொடர்ந்து 1832 இல் ஸ்கொத்லாந்துக் கலைக்கழகம் சிறந்த புடைப்பெழுத்து முறைக்குப் பரிசு அறிவித்தது. ஏறக்குறைய இருபது முறைகள் போட்டிக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை உரோம எழுத்தோடு தொடர்பற்ற புதிய குறிகளாலானவை. எனினும் 1837 இற் பரிசு பெற்றது இலண்டன் அச்செழுத்து வார்ப்பாளர் எட்மண்ட் ஃபிறையின் எளிய உரோமப் பேரெழுத்தே. நல்ல எழுத்துருவை வாழ்நாளெல்லாம் வார்த்த ஒருவரது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய எழுத்து, அறிஞர் குழுவின் கண்ணுக்கும் அழகாகத் தோன்றியதில் வியப்பில்லை. கிளாஸ்கோவில் ஜோன் அல்ஸ்ரன் அவ்வெழுத்தைத் திருத்தி நூல்களை அச்சிட்டார். 1840 இல் நிறைவுற்ற அவரது விவிலியம் பத்தொன்பது தொகுதிகளைக் கொண்டதாயிற்று.

இதே காலத்திற் பிறிஸ்ரல் நகரத்து லூக்காஸ், இலண்டனைச் சேர்ந்த ஃபிறையர் ஆகியோர் சுருக்கெழுத்தைத் தழுவிய குறிகளைப் பரப்பினர். பிறைற்றன் நகரத்து வில்லியம் மூன் 1845 இல் வேறொரு வழியைக் கண்டார். இளமையிற் பார்வையை இழந்த அவர், உரோம எழுத்தின் கோடுகளிற் பெரும்பகுதியை நீக்கி, விரலுக்குத் தெளிவாகப் படும் ஒரு சில அடிப்படை வடிவங்களை மட்டும் எஞ்சவிட்டார். அவற்றைத் திசைமாற்றி வெவ்வேறு எழுத்துகளாக்கினார். ஒரு வரி இடமிருந்து வலமாகவும் அடுத்த வரி வலமிருந்து இடமாகவும் சென்றமையால் வாசிப்பவர் வரியைத் தவறவிடுவது அரிதாயிற்று. முதுமையிற் பார்வை இழந்தோருக்கும் உடலுழைப்பினால் விரல் தடித்தோருக்கும் மூன் எழுத்து பெருந்துணையாயிற்று. மூன் எழுத்தின் வெற்றி கவனத்துக்குரியது. அதுவும் கோட்டெழுத்தே, ஆயின் பார்வையற்ற ஒருவர் தம் விரலாற் சோதித்து அமைத்த கோட்டெழுத்து. வழக்கு வெறுமனே கோட்டுக்கும் புள்ளிக்கும் இடைப்பட்டதன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

முறைகள் பெருகப் பெருக நூல்கள் சிதறின. ஒரு நகரிற் கற்றவர் மறு நகரில் அச்சிட்ட நூலை வாசிக்க இயலாத நிலை தோன்றியது. இந்நிலைக்கு முடிவுகாண முற்பட்டவர் தோமஸ் றோட்ஸ் ஆர்மிரேஜ். மருத்துவரான அவர் பார்வை குன்றியமையால் தொழிலைக் கைவிட்டு, இலண்டனின் வறிய விழிப்புலனற்றோரிடையே பணியாற்றலானார். 1868 இல் அவர் நிறுவிய பிரித்தானிய, வெளிநாட்டு விழிப்புலனற்றோர் சங்கத்தின் விதி இவ்வரலாற்றின் திருப்புமுனை எனத்தகும். எழுத்துமுறை பற்றித் தீர்மானிக்கும் குழுவின் உறுப்பினர் விரலால் வாசிப்போராயிருத்தல் வேண்டும். குறைந்தது மூன்று முறைகளையேனும் அறிந்திருத்தல் வேண்டும். எம்முறையிலும் பொருள்வழி நலன் அற்றோராயிருத்தல் வேண்டும். அவர்கள் பல முறைகளையும் ஒப்பிட்டு, பலரையும் வினவி, 1870 இற் பிறெயில் முறையைத் தேர்ந்தனர். ஸ்கொத்லாந்துக் குழு கண்ணாற் கண்டு அளித்த தீர்ப்பை, முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின் இலண்டன் குழு விரலாற் கண்டு மாற்றியது. 1878 இற் பாரிசிற் கூடிய சர்வதேச மாநாடும் பிறெயில் முறையையே பரிந்துரைத்தது.

4. அமெரிக்காவிற் புள்ளிப் போர்

அமெரிக்காவில் இப்பூசல் மேலும் நீடித்தது. பொஸ்ரன் நகரில் 1832 இற் பாடசாலையைத் தொடங்கிய சாமுவேல் கிறிட்லி ஹவ், உரோமச் சிற்றெழுத்தைக் கோணமாக்கி, இடத்தைச் சுருக்கி, பொஸ்ரன் கோட்டெழுத்து எனப்பட்ட முறையை அமைத்தார். 1835 முதல் அது பரவியது. ஹவ் சாதாரணமானவரல்லர். பார்வையும் செவிப்புலனும் இழந்த லோறா பிறிட்ஜ்மனுக்கு, பொருள்கள்மீது புடைப்பெழுத்துச் சீட்டுகளை ஒட்டி மொழியைக் கற்பித்த பெருமை அவருக்குண்டு. பார்வையற்றோர் தனிச்சமூகமாக ஒதுங்கிவிடலாகாது என்னும் அவரது கொள்கை எள்ளத்தக்கதன்று. நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1868 இல் தமது நாவலொன்றின் 250 பிரதிகளை இவ்வெழுத்தில் அச்சிடப் பணம் உதவினார். நல்லெண்ணத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆயின் நியூயோர்க் பாடசாலை அதிபர் வில்லியம் பெல் வெயிற் பல நிறுவனங்களின் மாணவரைப் பற்றி விசாரித்தபோது, அவர்களுட் பெரும்பகுதியினர் கோட்டெழுத்தைத் தாராளமாக வாசிக்கும் ஆற்றலைப் பெறவில்லை என்பது வெளிப்பட்டது. சமூகத்தோடு இணைக்கவென்று தேர்ந்த எழுத்து, அவர்களை நூல்களினின்றும் பிரித்துவைத்தது.

வெயிற் இதற்கு மாற்றாக 1868 அளவில் நியூயோர்க் புள்ளிமுறையை வகுத்தார். இரண்டு புள்ளி உயரமும் தேவைக்கேற்ப மாறும் அகலமும் கொண்ட அம்முறை இடத்தை மிச்சப்படுத்துவது என்பது அவர் வாதம். பொஸ்ரனில் ஜோயல் சிமித் 1878 இல் வேறொன்றை அமைத்தார். மிகுதியாக வழங்கும் எழுத்துகளுக்குக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்து அவர் திருத்திய பிறெயில், அமெரிக்கப் பிறெயில் எனப்பட்டது. மிசூரிப் பாடசாலை 1860 முதலே பிரெஞ்சு முறையைப் பின்பற்றி வந்தது. இவ்வாறு ஒரு நாட்டிற் பல எழுத்துமுறைகள் நிலவின. ஹெலன் கெல்லர் போன்றோர் கிடைத்த நூல்களையெல்லாம் வாசிக்கும் பொருட்டு ஒரே மொழிக்குப் பல எழுத்துமுறைகளைக் கற்கவேண்டியதாயிற்று.

பூசல் நீண்டமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. புடைப்பச்சுக்கெனத் தகடுகளைச் செய்வது செலவு மிக்கது. ஒருமுறை செய்த தகடுகளைக் கைவிட நிறுவனங்கள் விரும்பவில்லை. 1879 இல் அமெரிக்க அரசு லூயிவில் நகரிலுள்ள விழிப்புலனற்றோர் அச்சகத்துக்கு ஆண்டுதோறும் 10,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. அதன்பின் எம்முறையில் அச்சிடுவது என்னும் வினா அரசுப் பணத்தின் போக்கைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று. இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிறாங்க் ஹோல் 1892 இல் அமைத்த எழுதுபொறியும், மறு ஆண்டில் அமைத்த தகடு செய்யும் பொறியும் வேலையை எளிதாக்கின. மடித்த உலோகத் தகட்டிற் பொறி புள்ளிகளை அடிக்கும். தகட்டின் இரு மடிப்புகளுக்கிடையே தாளை வைத்து அழுத்தினால் எத்தனை பிரதிகளையும் எடுக்கலாம். பின்னர், ஒருபுறத்துப் புள்ளிகளின் இடைவெளியில் மறுபுறத்துப் புள்ளிகளை அமைத்து, தாளின் இரு பக்கங்களையும் பயன்படுத்தும் முறையும் வழக்கிற்கு வந்தது. பொறி வளர்ந்தும் எழுத்து ஒன்றுபடவில்லை.

1909 இல் நியூயோர்க் நகரக் கல்விச்சபை, பொதுப் பாடசாலைகளிற் கற்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு எம்முறையைக் கொள்வது எனப் பகிரங்க விசாரணை நடத்தியது. வெயிற் தம் முறைக்காக வாதாடினார்; ஹெலன் கெல்லர் உள்ளிட்டோர் அமெரிக்கப் பிறெயிலை ஆதரித்தனர். அந்நகரிலேயே நியூயோர்க் புள்ளிமுறை தோல்வியுற்றது. இதற்கிடையில் 1905 இல் அமைக்கப்பட்ட பொது எழுத்துமுறைக் குழு வேறொரு வழியைக் கைக்கொண்டது. அது ஊர் ஊராகச் சென்று வாசகரிடம் வெவ்வேறு முறைகளில் அமைந்த பகுதிகளைக் கொடுத்து, வாசிப்பின் வேகத்தையும் பிழைகளையும் அளந்தது. வாதத்தின் இடத்தை அளவீடு பிடித்தது. இறுதியில் 1917 இல் அமெரிக்கர் தம் முறைகளைக் கைவிட்டுப் பிறெயிலின் மூல அமைப்புக்குத் திரும்பினர். 1932 இல் இலண்டனில் ஏற்பட்ட உடன்பாட்டினால் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்குப் பொதுவான பிறெயில் நிலைபெற்றது.

புள்ளி வென்றமைக்குரிய உடற்கூற்றுக் காரணத்தை இன்று எளிதாக விளக்கலாம். விரல்நுனித் தோல் ஏறக்குறைய ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குக் குறைவான இடைவெளிகளைப் பிரித்துணர இடர்ப்படும். நெருங்கிய கோடுகளும் வளைவுகளும் தோலின்மீது ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. பிறெயிலின் அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவங்களுக்கிடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் தூரம் உண்டு. புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். விரல் பிரித்துணரும் எல்லைக்குச் சற்று மேலாகவும், கூடு விரல்நுனிக்கு அப்பாற் செல்லாதவாறும் இவ்வளவு அமைந்துள்ளது. அளவுகருவி எதுவுமின்றிப் பதினைந்து வயதுச் சிறுவனின் விரல் கண்ட அளவு இதுவாகும்.

5. கீழைத்தேய மொழிகளும் தமிழும்

இப்பூசலின் எதிரொலி கீழைத்தேயங்களிலும் கேட்டது. இந்தியாவில் 1887 இல் அமிர்தசரசிலும் 1890 இற் பாளையங்கோட்டையிலும் மிசனரிமார் விழிப்புலனற்றோர் பாடசாலைகளைத் தொடங்கினர். ஒவ்வொரு பாடசாலையும் தன் வட்டார மொழிக்கெனத் தானே குறிகளை வகுக்கலாயிற்று. இதன் விளைவாக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய மொழிகளுக்கெனப் பல பிறெயில் முறைகள் ஒன்றோடொன்று இணங்காது நிலவின. 1949 இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டுசென்றது. முதலாம் உலகப் போரிற் கலிப்பொலியிற் பார்வையிழந்த நியூசிலாந்தினரான சேர் குளூதா மக்கென்சியின் வழிகாட்டலில் ஆய்வு நடைபெற்றது. 1951 பெப்ரவரியிற் பெய்ரூத் நகரிற் கூடிய பிராந்திய மாநாடு ஒரு பொதுக்கோட்பாட்டை ஏற்றது. எழுத்தின் கட்புல வடிவம் எதுவாயினும், ஒத்த ஒலிக்கு இயன்றவரை ஒத்த குறியே வழங்கப்படும் என்பது அது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிறெயில் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. கண்ணுக்கு வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியும் பிறெயிலில் இடமிருந்து வலமாக வாசிக்கப்படலாயிற்று.

தமிழுக்கு இத்தெரிவு தனிச்சிறப்புடையது. கட்புல அச்சிற் தமிழ் எழுத்துகள் 247 எனக் கணக்கிடப்படுகின்றன. அவற்றின் வடிவங்களை அப்படியே புடைக்கச் செய்வதாயின் சுழிகளும் கொம்புகளும் கால்களும் விரலைத் திணறச் செய்யும். பிறெயிலிலோ உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, புள்ளிக்கு ஒரு குறி ஆகியவற்றைக்கொண்டே தமிழ் முழுவதையும் எழுதலாம்; அறுபத்து மூன்று குறிகளிற் பாதியளவே போதுமானது. உயிர்மெய்யை எழுதுங்கால் மெய்யின் குறியை முன்னும் உயிரின் குறியைப் பின்னும் வைப்பர். கட்புல எழுத்திற் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கும். 'கொ' என்பதன் உறுப்புகள் ககரத்தின் இருபுறமும் நிற்கும். பிறெயிலில் இவ்விரண்டும் ஒலிக்கும் ஒழுங்கிலேயே அமைகின்றன. முதலெழுத்து முப்பது எனத் தொல்காப்பியர் வகுத்ததும், மெய்யின் வழியே உயிர் தோன்றும் என அவர் கூறியதும் இங்கு நினைவுகூரத்தக்கன. கட்புல எழுத்து மறைத்துவைத்த இலக்கண உண்மையை விரலெழுத்து வெளிப்படையாகக் காட்டுகின்றது. கண்ணுக்குரிய வடிவத்தைக் கைவிட்டமையால் தமிழ் எதனையும் இழந்துவிடவில்லை.

இலங்கையில் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. வடக்கிற் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வியளித்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளின் பிறெயிலிலும் ககர, மகர, லகர ஒலிகளுக்கு ஒரே குறிகளே வழங்குகின்றன. கண்ணால் வாசிப்பவர் மூவேறு எழுத்துகளைக் கற்க, விரலால் வாசிக்கும் மாணவர் ஒரே அடிப்படையின்மீது மும்மொழியையும் அணுகலாம். தனியெழுத்து மனிதரைப் பிரித்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

6. முடிவுரை

இவ்வரலாற்றிற் குற்றவாளிகள் எனக் கூறத்தக்கோர் அதிகம் பேர் இல்லை. ஹவுய் இன்றேல் விழிப்புலனற்றோருக்கு நூலென்பதே தோன்றியிராது. ஹவ், அல்ஸ்ரன், வெயிற் ஆகியோர் தம் மாணவருக்காக வாழ்நாளைச் செலவிட்டோர். அவர்கள் தவறியது நோக்கத்திலன்று, நீதிபதியைத் தேர்ந்ததில். பார்வையுள்ள அறிஞர் மேசைமீது மாதிரித் தாள்களைப் பரப்பி, அவற்றை நோக்கித் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பின் விலையைச் செலுத்தியோர் வாசிக்க முயன்று தோற்ற மாணவர். அத்தோல்வி எழுத்தின் குறையாகவன்றித் தம் அறிவின் குறையாகவே அவர்களுட் பலருக்குத் தோன்றியிருக்கும்.

இன்று ஒலிப்பதிவும் கணினியும் விழிப்புலனற்றோருக்குப் புதிய வாயில்களைத் திறந்துள்ளன. எனினும் எழுத்துக்கூட்டலையும் கணிதத்தையும் இசைக்குறியீட்டையும் நேரே பற்றிக்கொள்ளப் புடைப்பெழுத்தின் தேவை நீங்கவில்லை. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் மருந்துப் பொதிகளில் மருந்தின் பெயரைப் பிறெயிலிற் புடைக்கச் செய்தலைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் சனவரி 4 உலகப் பிறெயில் தினமாக ஐக்கிய நாடுகள் சபையால் நினைவுகூரப்படுகின்றது. அழகுக்காக இலச்சினையைப் புடைக்கச் செய்யும் அச்சாளரே, அதே அட்டையில், அதே அழுத்தப் பொறியினால், ஒருவரின் உயிரைக் காக்கக்கூடிய புள்ளிகளையும் புடைக்கச் செய்கின்றார். இலச்சினை நன்கு அமைந்ததா என்பதை அவர் கண்ணால் நோக்கி முடிவுசெய்யலாம். புள்ளிகள் நன்கு அமைந்தனவா என்பதை அவற்றை வாசிக்கும் விரலிடமே கேட்டறிதல் வேண்டும். பிறருக்கெனப் பாடத்திட்டமும் பரீட்சையும் மொழிக்கொள்கையும் வகுப்போர் யாவருக்கும், அவ்வேற்பாட்டுக்கு ஆட்படுவோரை முதலில் வினவுதல் முறையென்பதை இப்புடைப்பச்சின் வரலாறு உணர்த்தி நிற்கின்றது.